இறந்தகால வினையும் பருத்தி விலையும்

முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களுக்கு உறவினர் வீட்டு விசேஷங்களில் இரண்டு கேள்விகள் காத்திருக்கும். "எப்போது முடியும்?" என்பது முதலாவது. போரைப் பற்றியோ வரிவிதிப்பைப் பற்றியோ அவர்கள் தப்பித்தவறி வாய்திறந்துவிட்டால் இரண்டாவது வரும்: "உனக்கெதற்கு இந்த உலக விவகாரமெல்லாம்? முதலில் ஆய்வேட்டை முடி." நெறியாளர்களில் சிலரும் இதையே சற்று நாகரிகமாகச் சொல்வதுண்டு. அந்த அறிவுரையில் அக்கறை இருக்கிறது. ஓரளவு உண்மையும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்கான காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், கூடியது ஆறு ஆண்டுகள். சர்ச்சைகளில் நாளைத் தொலைப்பவருக்கு ஆறு ஆண்டுகளும் போதா.

ஆயினும், உலகம் வெளியே எங்கோ இருக்கிறது, ஆய்வு அறைக்குள் நடக்கிறது, மாணவர் கதவைத் திறந்தால்தான் உலகம் உள்ளே நுழையும் என்னும் அனுமானத்தின் மீதே அந்த அறிவுரை நிற்கிறது. ஒரு மொழியியல் மாணவியின் அன்றாடத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் இந்த அனுமானம் நிலைக்காது என்பது விளங்கும். அவரைப் போன்றோர் நாட்டில் பலர் இருப்பதால் பெயர் தேவையில்லை.

அவர் ஹைதராபாத்தில் பயில்கிறார். கோலாமி மொழியை ஆராய்கிறார். தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதியிலும் கோலாம் மக்கள் பேசும் நடுத் திராவிட மொழி அது. தமிழுக்குத் தூரத்து உறவு. எமனோ 1955இல் அம்மொழிக்கு ஒரு நூல் எழுதி அறிஞர் உலகத்துக்கு அறிமுகம் செய்தார். மாணவியின் பகல், நூலகத்திலும் துறையிலும் கழிகிறது. இரவில் விடுதி அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, களத்தில் பதிவுசெய்த பேச்சைச் சொல் சொல்லாகப் பிரித்து எழுதுகிறார். ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்கப் பல நாட்கள் பிடிக்கும்.

2025 நவம்பரில் அவர் ஆதிலாபாத் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தார். இறந்தகால வினை வடிவங்களைத் திரட்டுவது நோக்கம். வாசலில் அமர்ந்திருந்த முதிய பெண்ணிடம் தெலுங்கில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதைக் கோலாமியில் சொல்லும்படி கேட்டார்: "நேற்று நான் பருத்தி விற்றேன்."

பாட்டி, "நான் எங்கே விற்றேன்? விலை வரவில்லையே" என்றார்.

"விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வா."

"விற்காததை விற்றேன் என்று எப்படியம்மா சொல்வது?"

பிறகு நான்கு நிமிடங்கள் பருத்தியைப் பற்றியே பாட்டி பேசினார். களப்பணி செய்தவர்கள் அனைவருக்கும் இந்த அனுபவம் பழகியது. நடக்காததை நடந்ததாகச் சொல்லப் பலருக்கு நா எழுவதில்லை. மாணவி அந்த நான்கு நிமிடங்களைத் தாண்டி, குறிப்பேட்டின் ஓரத்தில் "பொருத்தமில்லை" என்று எழுதிவைத்தார்.

பொருத்தமில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பேச்சுக்குள் என்ன இருந்தது? 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தது. ஆடை ஏற்றுமதியாளர்கள் நெருக்கடியில் சிக்கினர். அவர்களுக்கு மூலப்பொருள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று, பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 விழுக்காடு தீர்வையை இந்திய அரசு ஆகஸ்ட் 19 முதல் நீக்கியது. முதலில் செப்டம்பர் இறுதிவரை என்று அறிவிக்கப்பட்ட சலுகை, பின்னர் டிசம்பர் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. புதிய பருத்தி சந்தைக்கு வரும் காலமும் அதுவே. உள்ளூர் விலை சரியும் என்று விவசாய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. நீண்ட இழைப் பருத்திக்கு அந்தப் பருவத்தில் குவிண்டாலுக்கு 8,110 ரூபாய் ஆதரவு விலை இருந்ததுதான். ஆனால் ஈரப்பதம் 12 விழுக்காட்டைத் தாண்டிய பருத்தி அரசுக் கொள்முதலில் எடுபடாது. மழையில் நனைந்ததை வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். வாஷிங்டனிலும் தில்லியிலும் எடுக்கப்பட்ட முடிவுகள் ஒரு கிராமத்து வாசலில் இறந்தகால வினை ஒன்று பிறக்காமல் தடுத்திருக்கின்றன.

இதை அறிவது மொழியியலுக்கு வெளியே உள்ள வேலை அன்று. பாட்டி பயன்படுத்திய எதிர்மறை வினையின் பொருள் "விற்கவில்லை" என்பதா, "இன்னும் விற்கவில்லை" என்பதா, "இந்த விலைக்கு விற்க மாட்டேன்" என்பதா? சந்தை நிலவரம் தெரியாதவர் மூன்றையும் ஒன்றாக்கி அட்டவணையில் அடைத்துவிடுவார். அந்த அட்டவணையைப் பிறர் மேற்கோள் காட்டுவார்கள். பிழை அச்சில் ஏறிவிடும்.

களத்துக்குப் போகாத நாட்களிலும் உலகம் மாணவியை விட்டபாடில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. இந்தியாவுக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அந்த நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையும் நிறுத்தியது. தடை மே 23 அன்றுதான் விலகியது. இந்த மூன்றரை வாரங்களின் தடம் நாடெங்கும் விடுதி மெஸ் கணக்குகளில் பதிந்தது. உலக அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தவரும் அந்த எண்ணெயின் விலையைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

படிப்பின் விலையும் அவ்வாறே. மொழியியலின் பழைய ஆய்விதழ்களுள் ஒன்றான 'லிங்குவா'வின் ஆசிரியர்கள் ஆறு பேரும் ஆசிரியர் குழுவினரும் 2015இல் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகினர். கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், அதற்கான கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பதிப்பகமான எல்செவியர் ஏற்கவில்லை. அவர்கள் 'குளோசா' என்ற புதிய இதழைத் தொடங்கினர். அது இன்று எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழ். இந்திய அரசு 2024 நவம்பரில் வேறு வழியைத் தேர்ந்தது: 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களுக்கு மூன்று ஆண்டுகள் அணுகல் பெற்றுத் தந்தது. அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு இது பெரும் உதவி. தனியார் கல்லூரி மாணவர் இதில் இல்லை. இவ்விரண்டில் எந்த வழி சரி என்று சிந்திப்பது ஆய்வு மாணவருக்குப் பொழுதுபோக்காகுமா? நாளை அவர் தம் கட்டுரையை எங்கே அனுப்புவது என்ற கேள்வி அதில்தான் அடங்கியிருக்கிறது.

இன்னொரு நிகழ்வை மொழியியல் மாணவர் எவரும் மறக்கலாகாது. 2018 செப்டம்பர் 2 இரவு, ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றியது. 1818இல் தொடங்கப்பட்ட நிறுவனம், ஏறத்தாழ இரண்டு கோடிப் பொருட்களைக் கொண்டிருந்தது, பெரும்பாலானவை அழிந்தன. பேசுவோர் எவரும் எஞ்சியிராத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அவற்றில் இருந்தன. பராமரிப்புக்கான நிதி ஆண்டுதோறும் குறைந்துவந்த கட்டடம் அது. அருகிலிருந்த தீயணைப்புக் குழாய்களில் போதிய நீர் வரவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 ஏப்ரல் 26 அன்று, தில்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்ததை நினைத்துப் பார்த்தால், ரியோ அவ்வளவு தொலைவில் இல்லை. ஹைதராபாத் விடுதி அறையில் ஒரே வன்தட்டில் கிடக்கும் கோலாமிப் பதிவுகளுக்கும் அந்தச் செய்திக்கும் தொடர்பு இருக்கிறது. அதை உணர்ந்த மாணவர் அன்றிரவே இரண்டாவது பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வைப்பார். உணராதவர் வன்தட்டு பழுதாகும் நாளில் உணர்வார்.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கேன்டீனில் தேநீர் ஆறும் முன் பாலஸ்தீனத்துக்கும் சூடானுக்கும் தீர்ப்பு வழங்கும் பழக்கம் ஆய்வு மாணவர்களிடம் உண்டு. ஒரு வினை விகுதிக்கு நாற்பது எடுத்துக்காட்டுகள் கேட்பவர், ஒரு போரைப் பற்றி ஒரே ஒரு காணொளியை நம்பிப் பேசுகிறார். தம் ஆய்வேட்டில் சான்றின்றி ஒரு வரி எழுத அஞ்சுபவர், கைபேசியில் அந்த அச்சத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார். "உனக்கெதற்கு உலக விவகாரம்?" என்ற கேள்விக்கு வலு சேர்ப்பது இந்தப் பழக்கம்தான். ஆய்வுப் பயிற்சி கற்றுத் தந்த ஐயமும் பொறுமையும் செய்தித்தாளைப் படிக்கும்போதும் உடன்வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் பயிற்சி பட்டத்துக்காக அணிந்த சட்டை மட்டுமே.

ஆனால் பொறுமைக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குப் பணம் வேண்டும். தேசியத் தகுதித் தேர்வின்வழி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு, மாணவர்கள் வலியுறுத்தியபின், 2023 ஜனவரி முதல் மாதம் 31,000 ரூபாய் என்பது 37,000 ஆயிற்று. அந்த உதவித்தொகை கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பயிலும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு 8,000 ரூபாய். 2015இல் அதையும் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது மாணவர்கள் தில்லி வீதியில் இரவும் பகலும் அமர்ந்து போராடினர். உதவித்தொகை தொடர்ந்தது. அன்றும் 8,000, 2023இல் மற்றவர்களுக்கு உயர்ந்தபோதும் 8,000. அதுவும் பல மாதங்கள் தாமதமாக வருவதுண்டு. மாலையில் நான்கு மணி நேரம் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து வாடகையைச் சரிக்கட்டும் மாணவியிடம், உலகத்தைச் சான்றுகளோடு படி என்று சொல்வது அறமாகாது. அவருக்கு மிஞ்சுவது களைப்பு. களைத்தவர் கைக்கு எட்டுவது கைபேசியில் ஓடும் காணொளி. எல்லோருக்கும் வாழப் போதுமான உதவித்தொகையை மாதந்தோறும் உரிய நாளில் வழங்குவது சலுகையன்று. நாடு பொறுமையாகச் சிந்திக்கும் சிலரை வைத்துக்கொள்ள விரும்பினால் செலுத்த வேண்டிய கூலி.

அந்த மாணவி பின்னர் ஓரிரவு அந்த நான்கு நிமிடங்களையும் முழுமையாக எழுதி முடித்தார். அவர் தேடிப் போன இறந்தகால வினை அதில் ஓரிடத்திலும் இல்லை. விலை, ஈரம், கடன், மகன் நகரத்துக்குக் கூலிவேலைக்குப் போனது ஆகியவை இருந்தன. இயல்பான தொடர்பேச்சு என்ற அளவில் அவருடைய தொகுப்பிலேயே சிறந்த பகுதி அதுதான். குறிப்பேட்டின் ஓரத்தில் முன்பு எழுதிய சொல்லை அடித்துவிட்டு, நாளும் இடமும் அன்றைய பருத்தி விலையும் குறித்து வைத்தார்.