சிப்காட் சுவருக்கு ஓர் ஓவியம்

ஃபிரீடா காலோ, தியேகோ ரிவேரா என்ற மெக்சிகோ ஓவியத் தம்பதியின் படைப்புகளைச் சுவரெங்கும் தரையெங்கும் ஒளியாகப் பாய்ச்சும் கண்காட்சிகள் மேலை நகரங்களில் நடக்கின்றன. வான்கோவை இப்படிக் காட்டிய அரங்கு 2023-இல் பெங்களூருக்கு வந்தது. ஒசூரிலிருந்து 40 கி.மீ. தொலைவுதான். மெக்சிகோ ஓவியர்களும் வந்தால் நம் பிள்ளைகள் போய்ப் பார்க்கட்டும். ஆனால், புரொஜெக்டர் எதைப் பெரிதாக்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

1932-இல் டெட்ராய்ட் நகரில் கரு கலைந்த துயரத்தை 'ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை' என்ற ஓவியமாக்கினார் ஃபிரீடா. சுமார் 30 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம் கொண்ட உலோகத் தகடு அது. வேண்டுதல் பலித்தால் மெக்சிகோ மக்கள் தேவாலயத்தில் வைக்கும் சிறு தகர ஓவியங்களின் வழிவந்தது. ஒருவர் மட்டும் கிட்டப்போய் நின்று பார்க்க வேண்டிய அந்த வலியை இருபதடி உயரத்துக்கு விரித்தால், அதன் அந்தரங்கம் போய்விடுகிறது.

ரிவேராவுக்கு நேர்வதோ வேறு இழப்பு. அதே ஆண்டு, டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்போர்னில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ரூஜ் ஆலைக்குள் வாரக்கணக்கில் சுற்றித் தொழிலாளர்களைக் கோட்டோவியங்களாக்கினார் அவர். பிறகு டெட்ராய்ட் கலைக்கூட முற்றத்தின் நான்கு சுவர்களிலும், ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மீது 27 பகுதிகளாக வரைந்தார். வடக்குச் சுவரில் வி-8 இன்ஜின் உருவாகிறது. தெற்குச் சுவரில் கார் முழுமை பெறுகிறது. நடுவில் நிற்பவரை ஆலையே சூழ்ந்துகொள்கிறது. 1933-இல் 'வெள்ளையடித்து அழியுங்கள்' என்று கூக்குரல் எழுந்தது. பணம் கொடுத்த எட்செல் ஃபோர்டு ஓவியரின் பக்கம் நின்றார். தன் ஊர்ச் சுவரில் தன் உழைப்பைத் தொழிலாளி காண முடிந்தது. அந்தச் சுவரை எந்த ஒளிக்காட்சியும் ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல முடியாது.

ஒசூரில் அப்படியொரு சுவர் எங்கே? அசோக் லேலண்ட் லாரி, டிவிஎஸ் மொபெட், டைட்டன் கைக்கடிகாரம், இப்போது செல்போன் பாகங்கள் என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊர் உழைத்திருக்கிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கும் ஒரே ஷிப்ட் பேருந்தில் ஒலிக்கின்றன. ஊரைவிட்டு வந்து விடுதிகளில் தங்கி வேலைசெய்யும் இளம்பெண்களின் முகங்கள் ஓவியத்துக்குள் வந்தே ஆகவேண்டும்.

பர்கூர் அருகே மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களை வரைந்துவைத்த மாவட்டம் இது. நம் காலத்திலும் முன்மாதிரி உண்டு: 2020-இல் சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் ஓவியர்கள் மனிதர்களையும் வாழ்வையும் பெரிய அளவில் தீட்டினார்கள். மறுகுடியமர்த்தப்பட்டோரின் பகுதியான அதைத் தேடி வெளியூர்க்காரர்கள் வந்தார்கள்.

ஒசூர் மாநகராட்சியும் தொழிற்பேட்டையை நடத்தும் சிப்காட்டும் சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்களை அழைக்கட்டும். வரைவதற்கு முன் சில வாரங்களாவது ஆலைக்குள் இருந்து பார்க்க அவர்களுக்கு நிர்வாகங்கள் அனுமதி தர வேண்டும். என்ன வரையலாம் என்று தொழிலாளர்களிடமும் கேட்க வேண்டும். ஷிப்ட் பேருந்துகள் நிற்கும் இடத்துச் சுற்றுச்சுவரிலேயே தொடங்கலாம்.

கட்டுரையாளர்: ஓவிய வரலாற்று ஆய்வாளர்.