சபதம் எனக்கு, கரண்டி யாருக்கு?

சனவரி பொறந்தா போதும், நம்ம பதிவர் மக்கள் வரிசையா சபதப் பதிவு போட ஆரம்பிச்சிடுவாங்க. "இந்த வருஷம் தினமும் நடை. ஹோட்டல் பக்கமே போக மாட்டேன். வீட்டுச் சாப்பாடுதான், அதுவும் தினம் ஒரு புதுவகை." கீழே பத்துப் பேர் வந்து "வாழ்த்துகள் தல", "கலக்குங்க அண்ணாச்சி"ன்னு பின்னூட்டம் போட்டுட்டுப் போவாங்க. "சமைக்கப் போறது யாரு தல?"ன்னு ஒருத்தராவது கேட்டுப் பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஏன்னா நானும் அந்தக் கோஷ்டிதான். அதனால இந்தப் பதிவுல முதல் அடி எனக்கே :)

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சனவரி. ரத்தப் பரிசோதனையில மூணு மாச சராசரி சர்க்கரை 6.3. "எல்லைக்கோட்டுல நிக்கிறீங்க, நடங்க, சாப்பாட்டை மாத்துங்க"ன்னாரு டாக்டர். நாமதான் எதையும் அரைகுறையா செய்ய மாட்டோமே! மறுநாளே புது ஷூ. காலையில அஞ்சரைக்கு டவுன்ல கிளம்பி குறுக்குத்துறை வரைக்கும் நடை. ஆத்துக்குள்ளயே இருக்கிற முருகன் கோயில், படித்துறையில கொஞ்ச நேரம், தாமிரபரணிக் காத்து, திரும்பி வீடு. வந்து உக்காந்தா தட்டு ரெடியா இருக்கும்.

ஒருநாள் கருப்பட்டி குறைச்சுப் போட்ட உளுந்தங்களி, ஒருநாள் கேப்பை இடியாப்பம், ஒருநாள் கம்பு தோசையும் பிரண்டைத் துவையலும். எல்லாத்தையும் போட்டோ புடிச்சுப் பதிவா போட்டேன். "அண்ணாச்சி வீட்டுச் சமையல்"னு பாராட்டு வேற. அண்ணாச்சி அடுப்பைப் பத்த வச்சதுகூட இல்லைங்கிறது ஒருத்தருக்கும் தெரியாது.

தங்கமணி நாலரைக்கே எந்திரிச்சிருவா. எனக்குக் களி, களி தொடாத பிள்ளைகளுக்கு இட்லி, ரெண்டு பேருக்கும் டிபன் பாக்ஸ். அவ சாப்பிடும்போது மணி பதினொண்ணு ஆயிரும், அதுவும் பிள்ளைங்க மிச்சம் வச்ச இட்லி.

மூணு மாசம் கழிச்சு எனக்கு 5.8. டாக்டர் கை குடுத்தாரு. அசதியா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாளேன்னு அன்னைக்கு அவளுக்கும் பாத்திருந்தோம். 7.4. "நீங்க நடக்கிறதில்லையாம்மா?"ன்னு கேட்டாரு. "எங்க சார் நேரம்? இவங்க நடந்துட்டு வர்றதுக்குள்ள களி கிண்டணுமே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. அவளுக்குச் சர்க்கரை வந்ததுக்குக் களிதான் காரணம்னு சொல்ல வரலை. ஆனா நான் நடந்த ஒரு மணி நேரம் யாரு கணக்குல இருந்து வந்துச்சுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

"உங்க வீட்டுக் கதைவே அது"ன்னு யாரும் நழுவ வேண்டாம். 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யுற பெண்கள் அதுக்குச் செலவழிக்கிறது ஒரு நாளைக்கு 299 நிமிஷம். ஆண்கள் 97. அதுவும், வீட்டு வேலையில கை வைக்கிற ஆண்களே நூத்துக்கு 26 பேருதான். இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்குன்னு 2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லுது. அது ஆம்பளைக்கு மட்டும் வர்ற வியாதி இல்லை.

அடுத்து ஒரு கூட்டம் வரும். "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே? எங்க ஆச்சி உரல்ல குத்துனாங்க, ஆட்டுரல்ல ஆட்டுனாங்க, கல்லு மாதிரி இருந்தாங்க." ஆச்சியோட தோள்வலியை எவனாவது கேட்டிருக்கீங்களா? உலக சுகாதார நிறுவனம் வீட்டு வேலையையும் உடல் உழைப்புக் கணக்குல சேக்கத்தான் செய்யுது. ஆனா கேஸ் அடுப்பு முன்னால நின்னு கிண்டுறதும் மூச்சு வாங்க நடக்கிறதும் ஒண்ணில்லை. அப்படி ஒண்ணுன்னா, நீங்க ஷூவைக் கழட்டிட்டு அடுப்புக்கு வாங்களேன்!

இன்னொரு சாக்கு, "பத்தாயிரம் அடி நடக்கணும், சமைக்க நேரமில்லை." இந்தப் பத்தாயிரம் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? 1965-ல ஜப்பான்ல வித்த ஒரு அடி எண்ணுற கருவியோட பேரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. விக்கிறதுக்கு வச்ச பேரு, நமக்கு வேதமாயிருச்சு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு. முன்னாடி, ஒரு தடவைக்குப் பத்து நிமிஷமாவது தொடர்ந்து இருக்கணும்னு ஒரு நிபந்தனை இருந்துச்சு. அதையும் எடுத்துட்டாங்க. கொக்கிரகுளத்துல இருந்து ஜங்ஷனுக்கு ஆட்டோ புடிக்காம, 1843-ல கட்டுன சுலோச்சன முதலியார் பாலத்து மேல நடந்து போனாலும் கணக்குதான்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது"ங்கிற ஆளுக்கு ஒண்ணு சொல்றேன். நம்ம ஊரு உளுந்தம்பருப்புச் சோறு. அரிசி ஒரு உழக்கு, வறுத்த தொலி உளுந்து அரை உழக்கு, பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், ஒரு கை தேங்காப்பூ, உப்பு. எல்லாம் சேத்து அளந்ததுக்கு மூணு மடங்கு தண்ணி, குக்கர்ல நாலு விசில். கறுப்பு எள்ளை வறுத்து வத்தல், புளி, பூண்டு, தேங்கா வச்சு அரைச்சா துவையல் ஆச்சு. சோத்தைக் குறைச்சு, கூட அவியலோ பொரியலோ நிறைய வச்சுக்கிடணும். புதுமை வேணுமா? அடுத்த தடவை முருங்கைக்கீரை போடுங்க. நாக்கு செத்துப் போகாது.

இப்போ எங்க வீட்டுல திங்கள், புதன், வெள்ளி அவ நடக்கா, அடுப்பு எனக்கு. மத்த நாள் மாத்தி. முதல் வாரம் அடிப்பிடிச்ச சோறுதான், பிள்ளைங்க சிரிச்சு உருண்டுச்சு. தினம் ஒரு வகையெல்லாம் இப்போ கிடையாது, எல்லாருக்கும் ஒரே சமையல். மாத்திரையும் நடையுமா அவளுக்கு இப்போ 6.7. என்னோடது 5.9, கொஞ்சம் ஏறியிருக்கு. பரவாயில்லை.

நம்ம ஊருல காய், கீரை, பருப்பு எல்லாத்தையும் ஒரே பானையில போட்டுக் கிண்டுற சோத்துக்குக் கூட்டாஞ்சோறுன்னு பேரு. சின்னப் பிள்ளையில ஆளுக்கு ஒரு சாமான் கொண்டு வந்து சேந்து பொங்குனோமே, அதுவும் கூட்டாஞ்சோறுதான். ஒருத்தி மட்டும் நின்னு கிண்டிட்டு, மிச்ச பேரு தின்னு உடம்பைத் தேத்துனா அது எப்படிவே கூட்டாஞ்சோறு?

டிஸ்கி: இந்த வருஷச் சபதப் பதிவுகள்ல எல்லாம் "சமைக்கப் போறது யாரு?"ன்னு என் பின்னூட்டம் வரும். கோவிச்சுக்கிடாதீங்க.