கமகம் வராத வாத்தியம்

பையன் அக்கார்டியன் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான் என்று மயிலாப்பூர் ரசிகர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "அதிலே கமகம் வராதே, ஸார்!" என்பார். வழக்கு அத்துடன் முடிந்தது. ஆர்மோனியத்துக்கும் இதே தீர்ப்புத்தான் கிடைத்தது. அகில இந்திய ரேடியோ 1940-ல் அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. தடை தளர 1971 வரை ஆயிற்று.

கமகம் வராது என்பதை நான் மறுக்கவில்லை. கட்டையை அழுத்தினால் ஒரு துவாரம் திறக்கிறது. துருத்திக் காற்று அதன் வழியே பாய்ந்து எஃகு நாக்கை அதிரச் செய்கிறது. அந்த நாக்கின் நீளமும் கனமுமே சுருதியை நிர்ணயிக்கின்றன. வீணைத் தந்தியைப் போல் அதை இழுத்து வளைக்க முடியாது. ஆகவே தோடியின் காந்தாரத்தை அதனிடம் கேட்பது நியாயமல்ல. மிருதங்கத்திடம் யாராவது தோடி கேட்கிறார்களா?

அந்நிய வாத்தியம் என்பது அடுத்த குற்றச்சாட்டு. 1829-ல் வியன்னாவில் சிரில் டெமியான் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றது வாஸ்தவம். பிடில் மட்டும் காவிரிக்கரையில் முளைத்ததா? மணலியில் இருந்த காலத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றுக்கொண்டதுதானே? அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீட்சிதரோ, வெள்ளைக்காரர்களின் மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் அவற்றில் கமகத்துக்கு வேலையே இல்லை. அக்கார்டியன் பழகும் குழந்தைக்கு அதைவிட நல்ல முதல் பாடம் எது? மும்மூர்த்திகளில் ஒருவரே ஒதுக்காத சங்கீதத்தை ஒதுக்குவதற்கு நாம் அவரைவிடப் பெரிய வைதிகர்களா?

இடக்கைப் பக்கத்தையும் சற்றுப் பாருங்கள். பெரிய அக்கார்டியனில் அங்கே 120 பொத்தான்கள். ஸட்ஜத்தை அடுத்திருப்பது பஞ்சமம். அந்தப் பஞ்சமத்தை ஸட்ஜமாகக் கொண்டால் அதன் பஞ்சமம் அதற்கடுத்தது. பழந்தமிழர் 'இளி' என்று சொன்ன அதே உறவு! வாசிப்பவர் கண்ணுக்கு அந்தப் பக்கம் தெரியாது. குழி விழுந்த ஒரு பொத்தானை விரலால் தடவித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் நாதம் பெருகாது. துருத்தியை இழுக்கும் கைதான் அதைப் பெருக்கவும் குறைக்கவும் வேண்டும். பாட்டின் அடி முடியுமுன் காற்றுத் தீர்ந்துவிடாமல் காப்பதும் அந்தக் கைதான். பாடகருக்கு மூச்சுப் பயிற்சி எப்படியோ அப்படி இது.

எம். எஸ். விசுவநாதன் குழுவில் மங்களமூர்த்தி வாசித்த அக்கார்டியனைக் கேட்டு நாம் கிறங்கியதில்லையா? வாசித்தவர் யார் என்று எத்தனை பேர் கேட்டோம்? சினிமா இசைத்தட்டில் பாடகர் பெயர் இருக்கும். வாத்தியக்காரர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. இரவல் இன்பம் வேண்டும், வாத்தியத்துக்கு மட்டும் மரியாதை கிடையாது என்றால் இது என்ன ரசனை?

தியாகராய நகர்ப் பெற்றோர்களே, பையன் கேட்டது அக்கார்டியன் என்றால், மின்சாரக் கீபோர்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து அவன் வாயை அடைக்காதீர்கள். சபா காரியதரிசிகளே, மார்கழியில் ஒரே ஒரு பிற்பகலை இந்த வாத்தியத்துக்குக் கொடுங்கள். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், கேட்காமலே சொல்லாதீர்கள்.