நாழிகை பார்த்தனர், நண்பரைப் பார்க்கவில்லை

தோழர்களே! இராயபுரத்திலும் எண்ணூரிலும் மாலை வேளையில் தள்ளுவண்டியருகே நின்று அத்தோ உண்டிருப்பீர்கள். வாழைத்தண்டுச் சாறும் பருகியிருப்பீர்கள். அந்தச் சுவை இங்கு வந்த வழியை எண்ணியதுண்டா? 1964 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்திறங்கிய பர்மாத் தமிழர் கொண்டுவந்தது அது. கடையையும் காசையும் அங்கேயே பறிகொடுத்தவர்களிடம் கைப்பக்குவந்தானே மிஞ்சும்!

அவர்களைத் துரத்தியது நீ வின் என்னும் படைத்தலைவரின் ஆட்சி. அந்தப் படைத்தலைவரை உருவாக்கியது எது?

1947 பிப்ரவரி 12ஆம் நாள், பாங்லாங்கில் ஆங் சான் மலைநாட்டாருடன் ஒப்பந்தம் கண்டார். ஷான், கச்சின், சின் தலைவர்கள் ஒப்பமிட்டனர். உள்நாட்டு ஆட்சியில் அவரவர் உரிமை அவரவர்க்கே என்பது வாக்கு. கரேன் மக்களோ பார்வையாளராகவே அமர்ந்திருந்தனர். ஜூலை 19இல் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்களித்தவர் மறைந்தார், வாக்கு அநாதையாயிற்று.

1948 ஜனவரி 4, விடியற்காலை 4.20க்கு விடுதலை. ஏன் அந்த நேரம்? சோதிடர் குறித்த நேரமாம்! நாழிகை பார்த்தனர், நண்பரைப் பார்க்கவில்லை. மூன்று திங்கள் கழியுமுன் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் ஏந்தினர். 1949 ஜனவரி இறுதியில் கரேன் படையினர் இன்செயினில் போர் தொடுத்தனர். துறைமுகத்திலிருந்து எண்ணூர் எவ்வளவு தொலைவோ, இரங்கூனிலிருந்து இன்செயின் ஏறத்தாழ அவ்வளவே! படைத்தலைவர் ஸ்மித் டன் கரேன் இனத்தவர், விலக்கப்பட்டார். அவ்விடத்தில் அமர்ந்தவர்தான் நீ வின். 1962இல் ஷான் தலைவர்கள் இரங்கூனில் கூடிக் கூட்டாட்சி கோரிக்கொண்டிருந்தபோதே, மார்ச் 2ஆம் நாள், ஆட்சியைக் கைப்பற்றினார். கேட்டால், நாடு சிதறிவிடுமாம்! உரிமை கேட்பவனைப் பிரிவினைக்காரன் என்பது ஆதிக்கக்காரரின் பழைய பல்லவி. நம் செவிக்குப் புதிதன்று.

நம் பக்கக் கணக்கையும் மறைக்கலாகாது. 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்குப் போயிருந்தது. இழந்தவர் பர்மிய உழவர். 1930 மே மாதம் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் பர்மியரை அமர்த்தினர்; நிறுத்தம் முடிந்ததும் அவர்களை வெளியேற்றினர். மூண்டது கலவரம். கூலியும் கூலியும் மோத, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மூட்டிவிட்ட முதலாளிக்குக் கீறலும் இல்லை. துறைமுகத் தோழர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 1964இல் கப்பலேறியோரிலும் பெரும்பாலோர் கடைச் சிப்பந்திகள், சிறுவணிகர், கூலிகள். வட்டி வாங்கியவன் ஒருவன், வதைபட்டவன் மற்றொருவன்.

2021 பிப்ரவரி 1ஆம் நாள் படையினர் மீண்டும் ஆட்சியைப் பறித்தனர். பாங்லாங்கில் ஒப்பமிட்டார்களே சின் இனத்தார், அவர்களில் பல்லாயிரவர் எல்லை கடந்து மிசோரமில் தஞ்சம் புகுந்தனர். நம்மவர் வந்தபோது 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் சூட்டி, வீடும் கடனும் தந்தது அரசு. சின் குடும்பத்துக்கோ அகதி என்னும் பெயரும் இல்லை. உள்ளே விடாதீர் என்று 2021 மார்ச்சில் டெல்லி எல்லை மாநிலங்களுக்கு ஓலை அனுப்பியது. மிசோரம் அரசு அதற்கு இணங்கவில்லை. இடம் தந்தது, சோறும் இட்டது. அத்தோ வண்டியருகே அடுத்த முறை நிற்கையில், தோழர்களே, மிசோரமின் அந்தச் செயலையும் நாலு பேரிடம் சொல்லுங்கள்.