இருபது ஆண்டுகளுக்கு ஒரு வரைபடம்

வீட்டுக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் எங்கள் மேசையின்மீது முதலில் விரிப்பது பெரும்பாலும் வருமானச் சான்றை அன்று, வீட்டின் வரைபடத்தையே. சுருளைப் பிரித்து, மூலைகளில் கைப்பேசியையும் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் வைத்து அழுத்தி, "இது கூடம், இது பூஜையறை, இது மேலே போகும் படி" என்று விரல்வைத்துக் காட்டும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி எங்களுக்குப் பழகியது, ஆனால் சலித்ததில்லை. எனினும், பல மாநிலங்களில் கடன் பிரிவில் பணியாற்றியவர்கள் என்ற முறையில் ஒரு கருத்தை ஒளிவின்றிச் சொல்ல விரும்புகிறோம். நம் நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் கட்டும் வீடுகளுள் பல, புதுமனை புகுவிழா நடக்கும் அந்த ஒரு நாளை மனத்தில் வைத்தே வரையப்படுகின்றன. கடனோ இருபது ஆண்டுகளுக்கு.

இதற்கான அடையாளங்கள் வரைபடத்திலேயே தெரியும். வாசலைத் திறந்ததும் ஐம்பது பேர் அமரக்கூடிய கூடம். தெருவிலிருந்து பார்ப்போர் வியக்கும் முகப்பு. மாடியில் விருந்தினருக்கென ஓர் அறை. இவற்றுக்கெல்லாம் இடம் ஒதுக்கிய பின் எஞ்சிய மூலையில் சமையலறை. குளியலறைகளோ, அறைகளுக்கிடையே கிடைத்த சந்துகளில் செருகப்பட்டிருக்கும். எழுபது வயதைக் கடந்த தாயாருக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறை உண்டா என்று கேட்டால், "அம்மா கூடத்திலேயே படுத்துக்கொள்வார்கள்" என்ற விடை வரும்.

ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு மாதத் தவணை உண்டு என்பதை வரைபடம் காட்டுவதில்லை. ஆகவே அதை நாங்கள் காட்டுகிறோம். 8.5 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும்படி 1 லட்சம் ரூபாய் கடன் பெற்றால் மாதத் தவணை சுமார் 868 ரூபாய். கடன் முடியும்போது கட்டியிருக்கும் தொகை 2 லட்சத்து 8 ஆயிரத்தைத் தாண்டும். கட்டுமானச் செலவு ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் வசதிக்காகச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 150 சதுர அடியில் ஒரு விருந்தினர் அறை கட்ட 3 லட்சம் ரூபாய். அதற்கான தவணை மாதம் 2,600 ரூபாய். 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 6 லட்சத்து 25 ஆயிரம். ஆண்டுக்குப் பத்து இரவுகள் விருந்தினர் தங்குவதாகக் கொண்டாலும் ஓர் இரவுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நாங்கள் விருந்தோம்பலுக்கு எதிரானவர்கள் அல்லர். அதே 150 சதுர அடியைக் கீழ்த்தளத்தில், குளியலறையுடன் சேர்த்து அமைத்தால், விருந்தினர் வராத நாள்களில் பிள்ளைகள் படிக்கலாம். பிரசவத்துக்கு வந்த மகள் தங்கலாம். பின்னொரு நாள் பெற்றோர் மாடி ஏற இயலாதபோது அதுவே அவர்கள் அறையாகும். மாடியில் தனித்திருக்கும் அறை பெரும்பாலும் பழைய பெட்டிகளுக்கும் ஓடாத மின்விசிறிக்கும்தான் இருப்பிடமாகிறது.

நடைவழியும் அவ்வாறே. மூன்றரை அடி அகலம், இருபது அடி நீளம் என்றால் 70 சதுர அடி. அதே கணக்கில் 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அறைகளின் கதவுகளைக் கூடத்தின் ஓரத்தில் திறக்கும்படி மாற்றியமைத்தாலே பல வரைபடங்களில் நடைவழி பாதியாகக் குறைந்துவிடும். பொறியாளரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

இனிக் கட்டுமானம் தொடங்கிய பின் நிகழ்வதைப் பார்ப்போம். வீட்டின் மதிப்பில் எவ்வளவு பங்கு வரை கடன் தரலாம் என்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கி வரம்பு வகுத்துள்ளது. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 90 விழுக்காடு வரை. அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு. அதற்கும் மேற்பட்டால் 75 விழுக்காடு. மீதி குடும்பத்தின் கைப்பணம். அனுமதித்த கடன் ஒரே தவணையில் வருவதில்லை. அஸ்திவாரம், லிண்டல் மட்டம், கூரைத்தளம், பூச்சு எனப் பணி வளர வளர வருவது. வரைபடமும் அதனோடு இணைந்த மதிப்பீடும்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

சுவர் மூன்றடி எழும்பியதும் பலருக்கும் ஓர் எண்ணம் தோன்றும். "இவ்வளவு செய்கிறோம், இந்தப் பக்கம் நான்கடி தள்ளிக்கொண்டால் என்ன?" மைத்துனர் ஆமோதிப்பார், கொத்தனார் செய்துவிடலாம் என்பார். அந்த நான்கடிக்கு மதிப்பீட்டில் பணம் இல்லை. கூரை போட்டு முடிக்கும்போது கைப்பணம் தீர்ந்திருக்கும். பிறகு கதவுகளுக்காக நகைக் கடன், தரைக்கு ஓடு பதிக்கத் தனிநபர் கடன். இதற்கிடையில் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும், வாங்கிய கடனுக்கு வட்டியும் ஒரே மாதச் சம்பளத்திலிருந்து போகும். கூரை இருந்தும் சன்னல் இல்லாமல், சாக்குப் படுதா தொங்கவிட்ட நிலையில் ஓராண்டு நின்ற வீடுகளை நாங்கள் ஆய்வுக்குச் சென்று கண்டிருக்கிறோம். அவற்றின் உரிமையாளர்கள் ஊதாரிகள் அல்லர். எல்லாரும் கணக்குப் பார்த்துச் செலவு செய்பவர்கள்தாம். கணக்கு வரைபடத்துக்குப் போட்டது, கட்டியதோ வேறு.

பணத்தோடு இது முடிவதில்லை. மாநகராட்சிக்கு ஒரு வரைபடம், கொத்தனாருக்கு ஒரு வரைபடம் என்ற வழக்கம் நம் நாட்டில் மிகச் சாதாரணமாகப் பேசப்படுகிறது. பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளியை இரண்டடி குறைத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதி பெற்ற வரைபடத்தை மீறமாட்டேன் என்ற உறுதிமொழிப் பத்திரத்தைக் கடன் பெறுபவரிடம் வங்கி வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கட்டுமானம் அந்த வரைபடத்தின்படியே நடக்கிறதா என்று வங்கி நியமிக்கும் கட்டடக் கலைஞர் பல கட்டங்களில் சான்றளிக்க வேண்டும். பணி முடிந்த 3 மாதங்களுக்குள் நிறைவுச் சான்று பெறுவது வாடிக்கையாளரின் பொறுப்பு. பெறத் தவறினால் முழுக் கடனையும் வட்டியோடு திருப்பிக் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு. கையொப்பமிடும்போது இந்த வரிகளைப் படிப்பவர் மிகக் குறைவு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று, நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே ஒரு கட்டடத்தை ஈடாகக் கொண்டு வங்கிகள் கடன் தர வேண்டும் என்றும், மின்சாரம், குடிநீர் ஆகிய இணைப்புகளும் அச்சான்றைக் காட்டிய பிறகே தரப்பட வேண்டும் என்றும் கூறியுள்ளது. மீறிக் கட்டிய வீட்டை நாளை விற்க முனைந்தால், வாங்க வருபவருக்குக் கடன் கிடைப்பது கடினம். இரண்டடி இடத்துக்காக முழு வீட்டின் விலையைப் பணயம் வைப்பது சரியான வணிகமாகாது.

ஆகவே, மாற்ற வேண்டியவற்றையெல்லாம் தாளிலேயே மாற்றிவிட வேண்டும். எவற்றை என்று கேட்டால், எங்கள் பட்டியலில் முதலில் நிற்பது முதியோர் அறை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி வேண்டும் என்கிறது. பலரும் அந்தக் குறைந்த அளவையே போதிய அளவாகக் கொள்கின்றனர். சக்கர நாற்காலி ஒன்று திரும்புவதற்கு மட்டுமே ஒன்றரை மீட்டர் வெளி தேவை. கதவின் திறப்பு 90 சென்டிமீட்டர் இருத்தல் நன்று. குளியலறைக் கதவு உள்நோக்கித் திறந்தால், உள்ளே வழுக்கி விழுந்தவரின் உடலே கதவைத் திறக்கவிடாமல் தடுத்துவிடும். வெளிநோக்கித் திறக்குமாறு வரைவதற்குச் செலவு ஏதுமில்லை. கட்டிய பின் குளியலறையைப் பெரிதாக்க வேண்டுமானால் சுவரையும் குழாயையும் நீர்க்கசிவுத் தடுப்பையும் சேர்த்தே உடைக்க வேண்டும்.

அடுத்தது படிக்கட்டு. வீட்டின் எதிர்காலத்தை இவ்வளவு தீர்மானிக்கும் வேறொரு கோடு வரைபடத்தில் இல்லை என்பது எங்கள் கருத்து. கூடத்தின் நடுவிலிருந்து வளைந்து ஏறும் படி, திரைப்படத்தில் காண அழகாக இருக்கும். ஆனால் மாடியை வாடகைக்கு விட வேண்டிய நிலை வந்தால், குடியிருப்பவர் உங்கள் கூடத்தின் வழியாகத்தான் ஏறியிறங்க வேண்டும். ஆகவே யாரும் வரமாட்டார். நாளை இரு பிள்ளைகளுக்குத் தளத்துக்கொன்றாகப் பிரித்துத் தர எண்ணினாலும் அதே இடர்ப்பாடு. முற்றிலும் வெளியே வைத்துவிட்டால், ஒரே குடும்பமாக வாழும் ஆண்டுகளில் மழையில் நனைந்தபடி மாடிக்குச் செல்ல நேரும். தலைவாசலை ஒட்டி ஒரு சிறு முன்னறை, அதிலிருந்து படி ஏறுதல், கூடத்துக்குத் தனிக் கதவு என்று அமைத்தால் இரண்டு வகைக்கும் பொருந்தும். வேலையை இழந்த ஒரு குடும்பத்தை மாடி வாடகை மூன்று ஆண்டுகள் தவணை தவறாமல் காத்ததை நாங்கள் அறிவோம். படிகளின் உயரத்தையும் சொல்லிவிடுகிறோம்: விதித்தொகுப்பு 19 சென்டிமீட்டர் வரை இசைவளிக்கிறது, முழங்கால் இசைவளிப்பதில்லை. ஆறு அங்குலமாகக் குறைத்தால் பத்தடி ஏறச் சில படிகள் கூடும். அதற்கான இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

முழு வீட்டையும் இப்போதே கட்டியாக வேண்டுமா என்பதும் சிந்திக்கத்தக்கது. நவி மும்பையின் பேலாப்பூரில் 1980களில் சார்லஸ் கொரியா வடிவமைத்த குடியிருப்பில், அண்டை வீடுகளுக்குப் பொதுச் சுவர் இல்லாதபடி ஒவ்வொன்றும் தனி மனையில் அமைந்தது. குடும்பம் வளரும்போது அடுத்த வீட்டாரைக் கேட்காமல் அறை சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அதன் நோக்கம். இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில் பாலகிருஷ்ண தோஷி இன்னும் ஒருபடி மேலே சென்றார்: எளியோருக்கான மனைகளில் கழிப்பறை முதலிய அடிப்படை வசதிகளை மட்டும் அமைத்துத் தந்து, மீதியைக் குடும்பங்கள் தம் வரவுக்கேற்பக் கட்டிக்கொள்ளும்படி விட்டார். அத்திட்டம் 1995ஆம் ஆண்டு ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. நடுத்தர வருவாயினர் இதைக் கண்டு கூச்சப்பட வேண்டியதில்லை. 1,000 சதுர அடியை இன்று நன்றாகக் கட்டி, மாடியின் எடையைத் தாங்கும் அஸ்திவாரத்தையும், மேலே செல்லவிருக்கும் குழாய்களின் வழியையும் வரைபடத்திலேயே குறித்துவைப்பவர், 1,800 சதுர அடியைத் தொடங்கி முடிக்க இயலாமல் தவிப்பவரைக் காட்டிலும் நிம்மதியாக உறங்குகிறார். மாடி கட்டும் காலம் வரும்போது அதற்கும் உரிய அனுமதி பெற வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கீழ்த்தளம் முழுவதையும் வெறும் தூண்களாக விட்டு வண்டி நிறுத்துவோர், 2001 ஜனவரி 26 அன்று கட்ச் நிலநடுக்கத்தின்போது அகமதாபாத்தில் அவ்வாறு கட்டிய அடுக்குமாடிகள் பல சரிந்ததை நினைவுகொள்ள வேண்டும். தூண்களின் வலிமையையும் சுவர்களின் இருப்பிடத்தையும் கட்டமைப்புப் பொறியாளர் முடிவு செய்யட்டும். சன்னல்களுக்கும் இடத்துக்கேற்ற அளவு உண்டு: வறண்ட வெப்பப் பகுதியில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, ஈரப்பதம் மிகுந்த வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கு. ஜோத்பூரில் பார்த்த வீட்டை அப்படியே கொச்சியில் கட்டினால் காற்றுக்கு ஏங்க நேரும்.

வாஸ்து பார்ப்பது அவரவர் நம்பிக்கை. அதில் நாங்கள் தலையிடுவதில்லை. பார்ப்பதாயின் பொறியாளர் கோடு போடுமுன் பார்த்துவிடுங்கள். லிண்டல் மட்டத்தில் வந்து சமையலறையைத் தென்கிழக்குக்கு மாற்றச் சொல்லும் அறிவுரையைவிடச் செலவு மிகுந்த அறிவுரை வேறில்லை.

இன்னொன்றையும் கூற வேண்டும். வரைபடத்தை விளக்குபவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். அருகில் அமர்ந்திருக்கும் மனைவி, கடனில் இணைக் கையொப்பதாரராக இருந்தும், பேசுவதில்லை. நாங்கள் அவரிடம், "அரிசி மூட்டையை எங்கே வைப்பீர்கள்? பாத்திரம் துலக்கும் இடம் எது? துணி உலர்த்துவது எங்கே?" என்று கேட்டிருக்கிறோம். ஒரு முறை நீண்ட நேரம் வரைபடத்தை உற்றுப் பார்த்த ஓர் அம்மையார், "இதில் அடுப்பின் முன் நின்றால் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறக்க முடியாது" என்றார். பொறியாளரும் கணவரும் கவனியாதது அது. அந்தச் சமையலறையை ஒன்றரை அடி நீட்டி, கூடத்தை அவ்வளவு குறைத்தார்கள். கட்டும் பரப்பும் கடன் தொகையும் மாறவில்லை.

வரைபடத்தை உள்ளாட்சி அமைப்பின் அனுமதிக்குக் கொடுப்பதற்கு முன்பே, மதிப்பீட்டுடன் கிளைக்கு ஒரு முறை எடுத்து வாருங்கள். முடிந்தால் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மனைக்குச் சென்று, சுண்ணாம்புத் தூளால் அறைகளைத் தரையில் கோடிட்டுப் பாருங்கள். கட்டிலின் அளவுக்கு ஒரு பாயை விரித்து, கதவு திறக்கும் பக்கத்தைக் குறித்து, பெரியவர்களைப் படுக்கையிலிருந்து குளியலறை வரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டு வாருங்கள், நாங்கள் கேட்போம்.