சரித்திரம் யார் சொத்து?

முதல் போட்டவனுக்கே பொருள் சொந்தம் என்பது நம் காலத்தின் வேதவாக்கு. வீடு, நிலம், மில், மோட்டார் இவற்றுக்கெல்லாம் அந்த வாக்குப் பொருந்திவிட்டுப் போகட்டும்; நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஓர் ஊரின் ஞாபகத்துக்கும் அதுவே சட்டம் என்று சொன்னால், கதை எழுதிப் பிழைக்கிற நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பிறர் ஞாபகங்கள்தாம் என் தொழிலுக்கு மூலதனம்.

விஷயம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓக்லாந்து என்னும் துறைமுகப் பட்டணத்தைப் பற்றியது. 1968 முதல் 2024 வரை ஐம்பத்தேழு பருவங்கள் அந்த ஊரில் 'அத்லெட்டிக்ஸ்' என்ற பேஸ்பால் கோஷ்டி ஆடிவந்தது. 2024 செப்டம்பர் 26-ந் தேதி அங்கே அதற்குக் கடைசி ஆட்டம். 46,889 பேர் கூடினார்கள். டெக்ஸாஸ் கோஷ்டியை 3-க்கு 2 என்று ஜெயித்தார்கள். ஜெயித்த ஆட்டம் முடிந்தும் ஜனங்கள் அழுதார்கள். மைதானத்து மண்ணை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனவர்களும் உண்டு. மறுவருஷம் கோஷ்டி மேற்கு சாக்ரமென்டோவில், சுமார் 14,000 பேர் கொள்ளும் ஒரு சிறிய மைதானத்தில் போய் ஒண்டிக்கொண்டது. 2028-ல் லாஸ் வேகாஸில், சூதாட்ட மாளிகைகளுக்கு நடுவே, புது மைதானத்தில் குடிபுகுவதாக ஏற்பாடு.

"இதில் என்ன ஐயா அநியாயம்? கோஷ்டி முதலாளியுடையது. லாபம் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறார். ஆட்டம் பார்க்க ஆளே வராத ஊரில் அவர் ஏன் கிடந்து சாகவேண்டும்?" என்று கேட்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். கோஷ்டி என்பது எது? ஆட்டக்காரர்களா? இன்று பச்சைச் சட்டை போட்டவன் நாளை வேறோர் ஊரின் சட்டையில் வந்து இதே ஊரைத் தோற்கடிக்கிறான். மானேஜர் மாறுகிறார். முதலாளியும் மாறுகிறார். மாறாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பெஞ்சுக்காரர்கள் மட்டுமே. அப்பன் உட்கார்ந்த இடத்தில் பிள்ளை வந்து உட்கார்ந்து, மேளம் கொட்டி, பழைய ஆட்டங்களைச் சொல்லிக் கொடுத்துக் கொடுத்துத்தான் ஆட்டக்காரர்களின் வெறும் பட்டியல் ஒரு கோஷ்டியாகிறது. 1972, 1973, 1974 என்று மூன்று வருஷம் தொடர்ந்து உலகத் தொடரை வென்ற அந்த மீசைக்காரப் படையை முதலாளியின் கணக்குப் புத்தகமா ஞாபகம் வைத்திருக்கிறது?

1989-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலகத் தொடரில் ஓக்லாந்தும் எதிர்க்கரைச் சான் பிரான்சிஸ்கோவும் மோதின. அக்டோபர் 17-ந் தேதி மூன்றாவது ஆட்டம் தொடங்கவிருந்த வேளையில் பூமி குலுங்கியது. மேற்கு ஓக்லாந்தில் இரண்டடுக்கு நெடுஞ்சாலை இடிந்து விழுந்து 42 பேர் மாண்டார்கள். ஓக்லாந்திலேயே பிறந்த பந்துவீச்சாளர் டேவ் ஸ்டூவர்ட் இடிபாட்டுப் பக்கம் போய் மீட்பு வேலை செய்தவர்களைக் கண்டு தைரியம் சொன்னார். பத்து நாள் கழித்து ஆட்டம் மறுபடி தொடங்கியது. நான்குக்கு நான்கும் வென்றது ஓக்லாந்து. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற கௌரவம் அதே ஸ்டூவர்ட்டுக்குக் கிடைத்தது. அந்த ஊர்க்காரருக்கு அந்த வெற்றியும் அந்தச் சாவுகளும் ஒரே ஞாபகம். இதில் எந்தப் பாதியை லாரியில் ஏற்றி லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோவார்கள்?

ஆள் வரவில்லை என்கிறீர்கள். ஏன் வரவில்லை? ஓல்சன், சாப்மன் என்ற இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை 2022 மார்ச்சில் வேறு கோஷ்டிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் மர்ஃபியும் போனார். 2023-ல் கோஷ்டி 50 ஆட்டம் ஜெயித்து 112 ஆட்டம் தோற்றது. சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, பந்தியில் கூட்டம் குறைகிறது என்று இலையை எடுத்துவிடுகிற சாமர்த்தியம் இது. கூட்டம் சேரும் ஊர்தான் என்று காட்டவே ரசிகர்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொண்டு 2023 ஜூன் 13-ந் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை, 27,759 பேர் வந்து நிறைந்தார்கள். 'விற்றுவிடு' என்ற ஒரே சொல் பொறித்த பச்சைச் சட்டைகள் எங்கும் தெரிந்தன. அன்றைக்கும் கோஷ்டி ஜெயித்தது. பயன்? அதே வாரத்தில் நெவாடா மாகாணச் சட்டசபை, புது மைதானத்துக்காக 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தருவதற்குச் சம்மதித்தது. முதல் போட்டவனுக்கே பொருள் சொந்தம் என்றீர்களே, இந்த 38 கோடி யார் போடும் முதல்?

நவம்பர் 16-ந் தேதி முதலாளிமார் கூடி வாக்களித்தார்கள். முப்பது கோஷ்டிகள், முப்பது வாக்கு, முப்பதும் 'போகலாம்' என்றே விழுந்தன. ஓக்லாந்துக்கு ஒரு வாக்கும் கிடையாது. கேட்கப் போனால் சட்டமும் அவர்கள் பக்கம். பேஸ்பால் மாகாணங்களுக்கு இடையே நடக்கும் வர்த்தகம் ஆகாது, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடாது என்று 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியது. 1953-லும் 1972-லும் அந்தச் சலுகையை எடுக்க மறுத்தது. கோர்ட்டில் கேட்டால், இது வர்த்தகம் அல்ல, விளையாட்டு. ஊர் ஜனங்கள் கேட்டால், இது விளையாட்டு அல்ல, வர்த்தகம். இப்படி இரண்டு நாக்கால் பேசுகிறவர்களிடம் நியாயம் கேட்கப் போனவனைப் பார்த்துத்தான் நாம் 'உணர்ச்சிவசப்படுகிறான்' என்று சிரிக்கிறோம்.

எதிராளி கையில் இன்னும் ஒரு பந்து இருக்கிறது. அதையும் வீசட்டும். "ஓக்லாந்து மட்டும் யோக்கியமா? இந்தக் கோஷ்டி 1901-ல் பிலடெல்பியாவில் பிறந்தது. கானி மாக் என்ற மானேஜர் அங்கே ஐம்பது வருஷம் அதை நடத்தினார். ஐந்து உலகத் தொடர் அங்கே வென்றது. 1955-ல் கான்சாஸ் சிட்டிக்குப் போயிற்று. அங்கிருந்துதான் ஓக்லாந்துக்கு வந்தது. அப்போது அந்த ஊர்க்காரர்கள் அழவில்லையா?"

அழுதிருப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே தவறு மூன்று முறை நடந்தால் நியாயமாகிவிடுமா? பிலடெல்பியாவில் வென்ற ஐந்தையும் ஓக்லாந்தில் வென்ற நான்கையும் சேர்த்து, ஒன்பது தொடர் வென்ற கோஷ்டி என்று லாஸ் வேகாஸில் பலகை மாட்டலாம். அந்த ஒன்பதில் ஒன்றைக்கூட அந்த ஊர்க்காரர் தம் ஊர் ஆட்டமாகக் கண்டதில்லை. ஓக்லாந்துத் தெருக்களில் வளர்ந்தவர் ரிக்கி ஹெண்டர்சன். எதிரி அசந்த கணத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதைப் பேஸ்பாலில் 'திருட்டு' என்பார்கள். 1982-ல் ஒரே பருவத்தில் 130 முறை அப்படித் திருடியவர் அவர். கடைசி ஆட்டம் முடிந்து மூன்று மாதம் ஆவதற்குள், 2024 டிசம்பரில் காலமானார். அவர் செய்த திருட்டு ஆட்ட விதிக்கு உட்பட்டது. அவர் பெயரையும் அந்த 130-ஐயும் வேறோர் ஊரின் சுவரில் எழுதுவதற்கு எந்த விதி இடம் கொடுக்கிறது?

வேறு வழியே இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். வழி உண்டு; அமெரிக்காவிலேயே உண்டு. 1995-ல் கிளீவ்லாந்தின் கால்பந்துக் கோஷ்டியான பிரௌன்ஸை அதன் முதலாளி பால்டிமோருக்குக் கொண்டுபோகப் புறப்பட்டார். ஊர் கொதித்து எழுந்து வழக்குக்குப் போயிற்று. 1996-ல் ஒப்பந்தம் ஆயிற்று. ஆட்டக்காரர்களோடு முதலாளி போகலாம். ஆனால் பெயரும், வர்ணமும், சரித்திரமும் கிளீவ்லாந்திலேயே இருக்கும். பால்டிமோருக்குப் போனவர்கள் 'ரேவன்ஸ்' என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். 1999-ல் கிளீவ்லாந்தில் புதுக் கோஷ்டி பழைய பெயரோடு இறங்கியது. யாருடைய சொத்தும் பறிபோகவில்லை. வானமும் இடிந்து விழவில்லை.

நான் கேட்பது இந்த அளவுதான். முதலாளி தம் பணத்தோடு போகட்டும். பந்து, மட்டை, ஒப்பந்தச் சீட்டு எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போகட்டும். பெயரையும் சரித்திரத்தையும் மட்டும் வைத்துவிட்டுப் போகவேண்டும். அதைச் சட்டமாகவே எழுதவேண்டும். சாக்ரமென்டோவில் இந்தக் கோஷ்டி எந்த ஊர்ப்பெயரும் இல்லாமல் வெறும் 'அத்லெட்டிக்ஸ்' என்றே ஆடுகிறது. ஊரை உதறியவர்கள் ஊரின் வெற்றிகளை மட்டும் மூட்டை கட்டுவானேன்?

ஓக்லாந்துக்காரர் அழுது முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. நெடுஞ்சாலை இடிந்து விழுந்த அந்த மேற்கு ஓக்லாந்திலேயே, ரைமண்டி பூங்காவில், 2024-ல் 'பாலர்ஸ்' என்ற சிறு கோஷ்டி ஆடத் தொடங்கியது. ரசிகர்களே அதில் பங்கு வாங்கினார்கள். 2025-ல் அது தன் லீக்கின் கோப்பையை வென்றது. பெரிய லீக் அல்ல, சின்ன லீக்தான். ஆனால் அந்தக் கோப்பையை அங்கிருந்து கிளப்ப வருகிறவன், இம்முறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களையும் பங்குதாரர்கள் என்று கேட்டாகவேண்டும்.