"வண்டியிலேருந்து விழுந்துட்டார் சார்!" - விபத்து இழப்பீட்டைச் சிக்கலாக்கிய ஒரு வரி

"எப்படிப்பா அடிபட்டுச்சு?"

அவசர சிகிச்சைப் பிரிவில் டியூட்டி டாக்டர் கேட்ட சாதாரணக் கேள்விதான் அது. ஸ்ட்ரெச்சரில் பெரியப்பா அரை மயக்கத்தில் கிடந்தார். பக்கத்தில் நின்ற அண்ணன், பதற்றத்தில் "வண்டியிலேருந்து விழுந்துட்டார் சார்" என்றான். டாக்டரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. பெரியப்பா விழத்தான் செய்தார். ஆனால், பின்னால் வந்த வேன் இடித்ததால் விழுந்தார். அந்த வரியில் வேன் மட்டும் இல்லை.

இழப்பீட்டு வழக்கு விசாரணைக்கு வந்தபோது, இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்ததே அந்த வரியைத்தான். "வேன் இடிச்சதா சொல்றீங்க. ஆஸ்பத்திரி ரெக்கார்டுல அப்படி இல்லையே?"

பெரியப்பா டெய்லர். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இப்போது அரை மணி நேரத்துக்கு மேல் மெஷின் முன்னால் உட்கார முடியாது. அவருடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வக்கீல் ஆபீஸுக்கும் அலைந்தது நான்தான். அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை இந்த வாரம் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தேவைப்படக் கூடாது. தேவைப்பட்டால் கைகொடுக்கும்.

முதலில் எழுதப்படும் பேப்பர்

சாலை விபத்தில் காயமடைந்தவர், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவின்கீழ் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். கோர்ட் வட்டாரத்தில் இதை 'எம்.சி.ஓ.பி' என்பார்கள். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்து 6 மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்ற கெடுவும் சட்டத்தில் இருக்கிறது. அதனால் 'கால் சரியாகட்டும், பிறகு பார்ப்போம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

அங்கே எதிர்த்தரப்பில் நிற்பது பெரும்பாலும் வாகனத்தின் இன்ஷூரன்ஸ் நிறுவனம்தான். எஃப்.ஐ.ஆருக்கு அடுத்தபடியாக அவர்கள் கவனமாகப் படிப்பது 'ஏ.ஆர் காப்பி' எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலை. எத்தனை மணிக்கு வந்தார், யார் அழைத்து வந்தது, எப்படி அடிபட்டது, என்ன காயம், மது வாடை இருந்ததா... எல்லாம் அதில் இருக்கும். வழக்கு, பணம் என்று யாரும் யோசிக்காத நேரத்தில் எழுதப்படுவதால் அதற்கு மதிப்பு அதிகம்.

ஆகவே, டாக்டர் கேட்கும்போது 'விழுந்துட்டார்' என்று நிறுத்தாதீர்கள். என்ன வாகனம் இடித்தது, எங்கே இடித்தது என்று முழுதாகச் சொல்லுங்கள். நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கற்பனையாக எதையும் சேர்க்காதீர்கள்.

தவறாகப் பதிவாகிவிட்டால்? எழுதியதை அடித்துத் திருத்தச் சொல்லக் கூடாது. அடிபட்டவருக்கு நினைவு தெளிந்ததும், வார்டு டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி கேஸ் ஷீட்டில் குறிக்கச் சொல்லலாம். போலீஸ் வாக்குமூலத்திலும் அதையே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கேட்டு வாங்குவது உங்கள் உரிமை

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் கிடைப்பது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும்தான். ஆனால் கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கும். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன.

வாயால் கேட்டபோது "அடுத்த வாரம் வாங்க" என்றவர்கள், எழுதிக் கொடுத்து, நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கியதும் மூன்றாவது நாள் கொடுத்துவிட்டார்கள். இது என் சொந்த அனுபவம்.

வாங்கியதை அப்படியே பீரோவில் வைக்காமல் உட்கார்ந்து படியுங்கள். பெயர், வயது, தேதி, வலது காலா இடது காலா என்று சரிபாருங்கள். உங்கள் ஃபைலை எதிர்த்தரப்பு வக்கீல் படிப்பதற்கு முன்னால் நீங்கள் படித்திருக்க வேண்டும்.

யாரிடம் கொடுக்கலாம்?

பெரியப்பா வார்டில் இருந்தபோதே ஒருவர் வந்தார். "கேஸை நான் பாத்துக்கறேன்ம்மா, ஒரிஜினல் பேப்பரையும் ரெண்டு கையெழுத்தையும் குடுங்க" என்றார். பெரியம்மா கொடுக்கவே போய்விட்டார். வழக்கறிஞர்கள் இப்படி ஆள் வைத்து வழக்கு பிடிக்க பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவிகிதம் என்று ஃபீஸ் பேசுவதும் அந்த விதிகளின்படி தவறு.

நீங்கள் நேரில் பார்த்துப் பேசி அமர்த்திய வழக்கறிஞரிடம் முழு ஃபைலின் நகலையும் கொடுங்கள். ஒரிஜினல் கோர்ட்டுக்குப் போகும்போது, என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாவற்றையும் முன்பே மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்ஷூரன்ஸ் தரப்பிலிருந்து விசாரிக்க வந்தவர் நீட்டும் படிவத்தில், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்பது பொதுவிதி. கோர்ட் உத்தரவு போன்ற சில சூழல்களில்தான் அதற்கு விலக்கு. இந்த விபத்துக்குத் தொடர்பில்லாத பழைய சிகிச்சை விவரங்களுக்கும் சேர்த்து அனுமதி கேட்டால், "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

மெடிக்ளெய்மில் பணம் வாங்க ஒரிஜினல் பில்களை அனுப்புகிறவர்கள் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பில்களைப் பெற்றுக்கொண்டு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அந்த நிறுவனத்திடமிருந்து கடிதமும் வாங்கி வையுங்கள்.

மறைக்கலாமா?

பெரியப்பாவுக்குப் பல வருடங்களாக சுகர். "புண்ணு ஆறாததுக்கு சுகர்தான் காரணம்னு சொல்லிடுவாங்க. அந்தச் சீட்டை மட்டும் எடுத்துடு பாப்பா" என்றார் பெரியம்மா. எனக்கும் சரியென்றுதான் பட்டது.

வழக்கறிஞர் சிரித்தார். "டிஸ்சார்ஜ் சம்மரியில முதல் வரியே சுகர்னுதான் இருக்கு. எதைம்மா ஒளிப்பீங்க?"

ஒன்றை மறைத்தது தெரிந்தால், மீதி உண்மையையும் சந்தேகப்படுவார்கள். பழைய நோயோ, அதே காலில் பழைய அடியோ இருந்தால், உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விபத்தால் எது புதிதாக வந்தது, எது அதிகமானது என்பதை சிகிச்சையளித்த டாக்டரால் விளக்க முடியும்.

சதவிகிதம் மட்டும் போதாது

'கால் ஊனம் 30 சதவிகிதம்' என்று சான்றிதழ் வாங்கினால், வருமானத்தில் 30 சதவிகிதம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் இதைத் தெளிவாக்கியது. உடல் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதோடு, அதனால் அவர் செய்யும் தொழில் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால், கிட்டத்தட்ட முழு வருமானத்தையுமே இழக்கலாம். அரசு அலுவலக கிளார்க்காக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம்.

எனவே, ஃபாலோ அப் செக்கப்புக்குப் போகும்போது 'வலிக்குது' என்று மட்டும் சொல்லாமல், என்ன வேலையைச் செய்ய முடியவில்லை என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓ.பி சீட்டில் அது பதிவாகட்டும். பிசியோதெரபி ரசீது முதல் ஆட்டோ செலவு வரை தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள்.

பெரியப்பாவின் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால், எழுதிக் கொடுத்து வாங்கினோமே, அந்த கேஸ் ஷீட்டில் இரண்டாம் நாள் பக்கத்தில் 'பின்னாலிருந்து வேன் மோதியதாக நோயாளி கூறுகிறார்' என்று வார்டு டாக்டர் குறித்திருந்தார். அன்று ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆட்டோக்கார அண்ணனும் சாட்சி சொல்லத் தானாக முன்வந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றிருந்தால், அந்தப் பக்கம் எங்கள் கைக்கு வந்தே இருக்காது.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனை ஒரு கார் இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அண்ணன்தான். நல்லவேளை, சின்ன அடி. டியூட்டி டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னானாம்: "கார் இடிச்சு விழுந்துட்டான் சார். காரை முதல்ல எழுதிக்கோங்க!"